பஞ்சிகாவத்தையில் ஒரு கோபுரம்: டவர் மண்டபத்தின் கதை

கொழும்பு மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடப்பவர்கள் அங்கே நாடகத்தைத் தேடிச் செல்வதில்லை. பழைய வாகனங்களின் உதிரிப்பாகங்களைத் தேடியே செல்கிறார்கள். வீதியின் இருமருங்கிலும் இயந்திரங்கள், கதவுகள், விளக்குகள், சக்கரங்கள். எண்ணெய் நாற்றமும் இரும்பை இரும்பு தட்டும் ஓசையும் ஓயாத இடம் அது. இந்தச் சந்தடிக்கு நடுவில்தான் முகப்பில் கோபுரம் தாங்கிய ஒரு பழைய கட்டடம் நிற்கின்றது. அதுவே டவர் மண்டபம். சிங்கள நாடக உலகம் இன்றும் தன் தாய்வீடாகப் போற்றும் அரங்கு.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் இந்த வீதியால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். அப்பொழுதெல்லாம் அந்தக் கட்டடம் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது சிங்களவரின் அரங்கு. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதே அது. என்னுடன் பணியாற்றிய சிங்கள நண்பர் ஒருவரும் ஏறக்குறைய அதையே நம்பினார். அந்நியக் கலப்பில்லாத சிங்களக் கலை பிறந்த இடம் அது என்று பெருமையுடன் சொல்வார். நான் விலகி நின்றதும் அவர் உரிமை கொண்டாடியதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகவே இதனை எழுதுகிறேன்.

கட்டடத்தின் கதைக்கு முன்னர் அதற்குள் நடந்த கலையின் கதையைச் சொல்லவேண்டும்.

சிங்கள மக்களிடையே முதலில் பரவிய மேடைக்கலை 'நாடகம' என்பதாகும். பெயரே அதன் ஊற்றைச் சொல்லிவிடும். தமிழ்க் கூத்து மரபிலிருந்து, குறிப்பாகக் கத்தோலிக்கத் தமிழரின் கூத்து வழியாக, மேற்குக் கரையோரச் சிங்களக் கிராமங்களுக்குச் சென்ற வடிவம் அது. கொழும்பைச் சேர்ந்த கொல்லரான பிலிப்பு சிங்ஞோவை அதன் முன்னோடி என்பர். நாடகமவுக்கு இசைக்கப்படும் மத்தளத்தைச் சிங்களவர்கள் 'தெமள பெரய' என்றே அழைத்தனர். தமிழ் மேளம் என்பது அதன் பொருள். இரவு முழுவதும், சில வேளைகளில் பல இரவுகள் தொடர்ந்தும் அது ஆடப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறி வந்தன. திரைச்சீலைகள், மாறும் காட்சிகள், மின்னும் உடைகள், மனத்தைக் கவ்வும் வட இந்திய மெட்டுக்கள் ஆகியவற்றைக் கண்ட கொழும்பு ரசிகர்கள் மயங்கிப் போயினர். இவ்விதமாகப் பிறந்ததே 'நுர்த்தி' என்னும் புதிய சிங்கள நாடகம். சீ. டொன் பஸ்தியன் 1877-இல் மேடையேற்றிய 'ரொலினா' அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

நுர்த்தியை ஓர் இயக்கமாக வளர்த்தவர் சட்டத்தரணியான ஜோன் டி சில்வா (1857-1922). ஆங்கில மோகத்தில் மூழ்கியிருந்த தம் சமூகத்தை மேடையிலிருந்து இடித்துரைப்பதே அவர் நோக்கமாக இருந்தது. பண்டைய மன்னர்களின் வரலாறுகளை நாடகமாக்கினார். 'சிறிசங்கபோ' (1903), 'ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க' (1906) ஆகியன அவற்றுட் சில. இவற்றுக்கு இசையமைக்க அவர் இந்தியாவிலிருந்து அழைத்தது விஸ்வநாத் லௌஜி என்னும் இசைக்கலைஞரை. லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. காட்சியின் உணர்வை விளக்கிச் சொல்ல, அதற்கேற்ற இராகத்தில் அவர் மெட்டமைத்துக் கொடுப்பாராம். 'சிறிசங்கபோ' நாடகத்தில் இடம்பெற்ற 'தன்னோ புதுங்கே' என்ற பாடல் அப்படிப் பிறந்ததுதான். அநுராதபுரத்தைப் போற்றும் அப்பாடல் சிங்கள பௌத்தரின் உள்ளத்தில் ஏறக்குறைய ஒரு பக்திப் பாடலாகவே நிலைத்துவிட்டது.

2016-ஆம் ஆண்டு சுதந்திர தின நிகழ்ச்சியில் இலங்கைப் பாடகி ஒருவர் இதே பாடலை மேற்கத்திய ஒபரா பாணியில் பாடியபோது பெரும் சர்ச்சை மூண்டது. நமது பாடலை அந்நியப்படுத்திவிட்டார் என்று பலர் கொதித்தெழுந்தனர். அந்த மெட்டே கடல் கடந்து வந்த ஒருவர் தந்தது என்பதை அந்தக் கூச்சலுக்கு நடுவில் நினைவூட்டியவர்கள் சிலரே.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். நுர்த்தி புகழ்பெற்றிருந்த அந்நாட்களில் அதற்கென நிரந்தரமான, வசதியான அரங்கு தேவைப்பட்டது. அக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஜீ. டி. ஹென்றிக் செனவிரத்ன என்பவர். அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல் ஒரு தனிமனிதர் எழுப்பிய அரங்கு இது என்பது குறிப்பிடத்தக்கது. 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் திகதி டவர் மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. அநகாரிக தர்மபால அந்நிகழ்வில் பிரதம அதிதியாகக் கலந்துகொண்டார். மேடையேறிய முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸ் எழுதிய 'பண்டுகாபய'. அநுராதபுர நகரை நிறுவியவனென மகாவம்சம் கூறும் மன்னனின் கதை அது.

விழாவுக்கு வந்தவரும் மேடையேறிய கதையும் அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டப் போதுமானவை. அந்நிய ஆட்சியின் கீழ் தம்மை இழந்துகொண்டிருப்பதாக அஞ்சிய ஒரு சமூகம் தன் பழம்பெருமையைக் கண்ணால் காண விரும்பியது. அந்த விருப்பத்தில் குற்றம் காண்பதற்கில்லை. அடிமைப்பட்ட எந்தச் சமூகமும் செய்வதுதான் அது. அதே காலப்பகுதியில் தமிழர் மத்தியிலும் இதையொத்த எழுச்சி இருந்தது. சென்னையின் பம்மல் சம்பந்த முதலியாரை வழிகாட்டியாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம், ஈழத்தில் நவீன நாடகத்துக்கு வித்திட்டார். தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் இசை நாடகத்தை வளர்த்தார். ஜோன் டி சில்வாவும் சங்கரதாஸ் சுவாமிகளும் ஒரே ஆண்டில், 1922-இல், மறைந்தார்கள் என்பது தற்செயலே. ஆனால் இருவரது மேடைகளுக்கும் பார்சி நாடகத்தின் காற்று வீசியது தற்செயல் அன்று. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்த்து வளர்ந்த ஒருவருக்கு நுர்த்திப் பாடலைக் கேட்டால் ஏதோ ஒன்று பழக்கமானதாகத் தோன்றும். காரணம் இதுதான்.

மண்டபம் செழித்திருந்தது அதிக காலமன்று. முதலில் மௌனப் படம் வந்தது. பின்னர் பேசும் படம் வந்தது. ஒரே நாடகத்தை இரவுதோறும் நடிகர்கள் வியர்வை சிந்தி நடித்த இடத்தில், ஒரு படச்சுருள் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்தது. நுர்த்தி தளர்ந்தது. டவர் மண்டபமும் காலப்போக்கில் படமாளிகையாக மாறியது. நாடகம் வளர்த்த கலைஞர்களில் பலர் வறுமையில் வாடினர். இசைத்தட்டுக்களில் பதிந்த குரல்கள் மாத்திரம் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தன.

நாடகத்தை விழுங்கிய சினிமாவும் நாடகத்திடமே கடன் வாங்கியது. முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரி 21-ஆம் திகதி திரைக்கு வந்தது. பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மேடை நாடகமே அதன் மூலம். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படமாக்கப்பட்டது மதுரையில். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. கதாநாயகி ருக்மணி தேவி.

ருக்மணி தேவியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சிங்கள மேடையும் திரையும் கண்ட தலைசிறந்த குரல்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரரான அவர், 1923-இல் நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். சிறு பிராயத்திலேயே மேடையேறி, மேடைக்காக ஒரு வட இந்தியப் பெயரைச் சூடிக்கொண்டு, சிங்கள மக்களின் நெஞ்சில் குடிகொண்டார். நான் மேலே குறிப்பிட்ட சிங்கள நண்பர் ருக்மணி தேவியின் பரம ரசிகர். அவரது இயற்பெயரில் ராசம்மா என்று ஒரு பகுதி உண்டென்பதை நான் சொன்னபோது அவர் நம்ப மறுத்தார். பின்னர் நீண்ட நேரம் பேசாமலிருந்தார்.

இதற்கிடையில் இன்னொரு திருப்பம். ஐம்பதுகளில் பல்கலைக்கழக வட்டாரத்தில் நுர்த்தியைப் பற்றி உயர்ந்த எண்ணம் இருக்கவில்லை. அது கலப்படம், ஆழமற்றது என்று கருதப்பட்டது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகத்துக்கு வேர் தேடிப் புறப்பட்டார். அவர் சென்றடைந்தது நாடகமவிடம், அதாவது தமிழ்க் கூத்தின் வழித்தோன்றலிடம். அதனை அடிப்படையாக வைத்து அவர் படைத்த 'மனமே' 1956 நவம்பர் 3-ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறிச் சில மாதங்களே கழிந்திருந்தன. சட்டம் மொழிகளைப் பிரித்த ஆண்டில், சிங்களத்தின் தேசிய நாடகம் எனப் போற்றப்படும் படைப்பு தமிழ் மத்தளத்தின் தாளத்துக்கு ஆடப்பட்டது. வரலாறு இத்தகைய முரண்களை அறிவித்துவிட்டுச் செய்வதில்லை.

'மனமே' தந்த தூண்டுதலால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1967) என்பன அடுத்தடுத்து வந்தன. நம்மிடமிருந்து சென்றது, நமக்கே வழிகாட்டியாகத் திரும்பி வந்தது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற கணக்கு இங்கே குழம்பிப் போகின்றது. குழம்புவதே நல்லது.

டவர் மண்டபத்துக்கு மறுவாழ்வு அளித்தவர் ரணசிங்க பிரேமதாச. மத்திய கொழும்பின் மக்கள் பிரதிநிதியாக இருந்த அவர், அரசாங்கத்தில் தமக்கிருந்த செல்வாக்கைப் பயன்படுத்தி மண்டபத்தைப் புனரமைக்கச் செய்தார். 1978-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் டவர் மண்டப அரங்க மன்றம் நிறுவப்பட்டது. நுர்த்தி மரபைப் பேணுவதும் முதிய கலைஞர்களுக்குக் கைகொடுப்பதும் அதன் பணிகளாயின. பிரேமதாசவின் அரசியலைப் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆயினும் ஓர் அரங்கைக் காப்பாற்றியதற்கான நன்றியை மறுத்தல் நேர்மையாகாது. அதே 1978-இல் ஒக்டோபர் 28-ஆம் திகதி ருக்மணி தேவி வாகன விபத்தொன்றில் உயிரிழந்தார். பிரேமதாச 1993 மே தினத்தன்று, மண்டபத்திலிருந்து அதிக தூரமில்லாத ஆமர் வீதிச் சந்தியில், தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

மண்டபத்துக்குச் சட்டம் வந்து ஐந்து ஆண்டுகளில், 1983 ஜூலையில், ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழரான கே. குணரத்தினத்தின் உடைமை அது. சிங்களத் திரைப்படங்கள் பல அங்கேதான் உருவாகியிருந்தன. எரித்தவர்கள் ஒரு தமிழரின் சொத்தை அழிப்பதாகவே எண்ணியிருப்பார்கள். தாம் பார்த்து அழுது சிரித்த படங்கள் பிறந்த இடத்துக்கே தீ வைக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. யாருடைய கை பட்டு எது உருவானது என்பதை ஒரு நாடு மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2011-இல் டவர் மண்டபத்துக்கு நூறு வயது நிறைந்தது. கட்டடங்களைப் பேணுவது ஒப்பீட்டளவில் சுலபம். பணமும் சுண்ணாம்பும் மரமும் இருந்தால் போதும். அவற்றுக்குள் நடந்ததை முழுமையாக நினைவில் வைத்திருப்பதுதான் கடினம். பம்பாய்க் கம்பனிகளும், லௌஜியின் மெட்டுக்களும், தமிழ்க் கூத்தும் சேராமல் அந்த மேடையில் எதுவும் நடந்திருக்க முடியாது. இதனைச் சொல்வதால் சிங்களக் கலைஞர்களின் உழைப்போ பெருமையோ ஒரு துளியும் குறைந்துவிடாது. தமிழராகிய நாமும் எங்கள் கலையைத் தூய்மையானதென்று மார்தட்டுவதற்கு முன்னர் நமது இசை நாடகத்தின் மெட்டுக்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த தடவை பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கச் செல்பவர்கள் சில நிமிடங்கள் அந்தக் கோபுரத்தின் முன் நிற்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டியை ஓடவைக்கும் கைவினைஞர்கள் வாழும் வீதி அது. அந்த மண்டபத்துக்கு அதைவிடப் பொருத்தமான அயலவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.