ஒரு கப் தண்ணீரும் ஒரு பொதுச் சாலையும்

அதிகாலை மூன்றரை மணிக்குச் சென்னையில் ஒரு சாலையோரம் இருபது லிட்டர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தோம். கல்லூரி மாணவர்கள் ஏழு பேர், வேலைக்குப் போகிற தோழர்கள் நான்கு பேர். வாராவாரம் கூடி அம்பேத்கர் வாசிக்கிற வட்டத்துக்கு மராத்தானில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்களில் ஒரு தோழர் அன்று முழு மராத்தான் ஓடினார். அவர் வளர்ந்த காலனியிலிருந்து 42.195 கிலோமீட்டர் ஓடப்போன முதல் ஆள் அவர்தான். நடுவழியில் அவர் கையில் நாங்களே தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் தண்ணீர் மேசைக்குத் தன்னார்வலர்களாகப் பெயர் கொடுத்தோம்.

எளிய வேலை என்று நினைத்திருந்தோம். அது ஒரு தொழில்நுட்பம் என்று முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கப்பைப் பாதிதான் நிரப்ப வேண்டும், நிறைத்தால் ஓடுகிறவர் சட்டையில்தான் போகும். உள்ளங்கையில் வைத்து நீட்டினால் அவரால் கவ்வ முடியாது. விளிம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, அவர் எடுக்கும் நொடியில் விட வேண்டும். அவர் வரும் வேகத்துக்கு நம் கையும் சற்றுப் பின்னால் போக வேண்டும். எல்லோரும் முதல் மேசையிலேயே முட்டிக்கொள்வார்கள் என்பதால், "அடுத்த மேசையிலும் இருக்கு" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். முக்கியமாக, வேகமாக ஓடுகிறவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு, கால் இழுத்துக்கொண்டு வரும் கடைசி ஆட்களுக்குத்தான் நிறையத் தேவை. அவர்களுக்கு மிச்சம் வைக்கத் தெரியாதவர்கள் அந்த மேசையில் நிற்கக் கூடாது.

நான்கு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான விரல்கள் எங்கள் விரல்களைத் தொட்டுவிட்டுப் போயின. யாரும் நின்று நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. மூச்சு வாங்குகிறவனுக்கு அதற்கு நேரம் இல்லை. எங்களில் ஒரு மாணவி, "நம்ம பாட்டி இதைப் பார்த்திருக்கணும்" என்றாள். அவளுடைய பாட்டி ஊர்க் கிணற்றுக்கு வெளியே குடத்தோடு, யாராவது வந்து இறைத்து ஊற்றுவார்களா என்று நின்றவர்.

தாகமும் நெடுந்தூர ஓட்டமும் சேர்கிற வரலாறு அவ்வளவு அழகானதில்லை. 1904 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மராத்தான் நடந்தது. புழுதிச் சாலை, முப்பது டிகிரியைத் தாண்டிய வெயில். ஓட்டத்தை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், நீர் வற்றினால் உடம்பு என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார். வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே குறைத்தார். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது அவருடைய உதவியாளர்கள் தரவில்லை. ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சைச் சிறு அளவில் முட்டை வெள்ளைக் கருவோடும் பிராந்தியோடும் கொடுத்து ஓடவைத்தார்கள். அவர் ஏறக்குறையச் செத்துத்தான் வென்றார்.

அந்த 32 பேரில் இருவர் தென்னாப்பிரிக்காவின் கறுப்பர்கள், ட்ஸ்வானா மக்கள். லென் டாவ், யான் மாஷியானி. அவர்கள் அங்கே விளையாட்டு வீரர்களாகப் போகவில்லை. அதே ஊரில் நடந்த உலகக் கண்காட்சியில் போயர் போரை நடித்துக் காட்டும் கூட்டத்தோடு வந்தவர்கள். ஆப்பிரிக்கக் கறுப்பர்கள் ஒலிம்பிக்கில் ஓடியது அதுவே முதல்முறை. டாவ் ஒன்பதாவதாக வந்தார். வழியில் ஒரு நாய் துரத்தாமல் இருந்திருந்தால் இன்னும் முன்னால் வந்திருப்பார் என்று சொல்வார்கள். மாஷியானிக்குப் பன்னிரண்டாவது இடம். கண்காட்சிப் பொருளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இப்படிப் பந்தயத்தில் நுழைந்ததைப் பற்றி நம் விளையாட்டுப் பாடங்களில் ஒரு வரி இல்லை.

இதை வாசிக்கிறபோது எங்களுக்கு வேறொரு பயணம் நினைவுக்கு வருகிறது. அது 1901. பீமராவ் என்ற ஒன்பது வயதுச் சிறுவன், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறான். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு ஒப்புக்கொள்கிறான், ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். கட்டுச்சோறு நிறைய இருக்கிறது, தண்ணீர் இல்லை. இரவில் சுங்கச்சாவடிக்காரனிடம் முஸ்லிம் என்று பொய் சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் சோறு இறங்குமா? பட்டினியோடு விடியவிட்டார்கள். அண்ணல் இதைப் பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்புகளில் எழுதினார். மாணவர்கள் அவருடைய பெரிய நூல்களைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படிக்கட்டும் என்று நாங்கள் எப்போதும் சொல்வோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். செயின்ட் லூயிஸில் சல்லிவன் ஒரு நாள் நடத்திய சோதனையை இங்கே ஊர் கூடி, தலைமுறை தலைமுறையாக, குழந்தைகள் மேல் நடத்தியது.

மகாத் பற்றி நம் வாசகர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே தீர்மானம், 1924இல் மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தாளில் எழுதியது, 1927 மார்ச் 20இல் அண்ணல் தலைமையில் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தது, அடி உதை, பிறகு குளத்துக்குச் சாணியும் மூத்திரமும் ஊற்றிச் 'சுத்தி' செய்தது. உயர்நீதிமன்றத்தில் வழக்கு வெல்ல 1937 மார்ச் ஆயிற்று. குடித்த ஒரு வாய் தண்ணீருக்குச் சட்டம் பத்து ஆண்டு யோசித்தது.

ஆனால் நம் மண்ணில் நடந்த ஒன்றை நாம் குறைவாகவே பேசுகிறோம். 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதில் இரண்டே விஷயம். ஒன்று, எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம். இரண்டு, எல்லோருக்கும் பொதுவான அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றை மற்றவர்களைப் போலவே எல்லோரும் பயன்படுத்தலாம். தீர்மானம் நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணையும் வந்தது, அடுத்த ஆண்டு அரசிதழிலும் ஏறியது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது. வைக்கம் நம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. தாத்தாவின் தீர்மானத்தைப் பற்றிக் கேட்டால் பட்டதாரிகளே விழிக்கிறார்கள்.

சாலையும் தண்ணீரும். மராத்தான் என்பது வேறென்ன? பொதுச் சாலையில் ஓடுவதும் வழியில் பொதுத் தண்ணீர் குடிப்பதும்தானே. எங்கள் தோழர் அன்று ஓடிய ஓட்டத்துக்கு நூறு ஆண்டுக்கு முன் அனுமதிச் சீட்டு எழுதியவர் தாத்தா சீனிவாசன் என்று சொன்னால் மிகையில்லை. இன்னொன்றும் உண்டு. அவர் இந்தத் தீர்மானத்துக்கு முன் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். நிறவெறி எப்படிச் சாலையையும் கிணற்றையும் பங்கு போடும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார், 1923இல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார், அடுத்த ஆண்டே இந்தத் தீர்மானம்.

அதே நேட்டாலில் 1921இல் காம்ரேட்ஸ் மராத்தான் தொடங்கியது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றால் நம் பாடப்புத்தகத்துக்கு ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு வக்கீல் மட்டுமே ஞாபகம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நம் சாதி சனங்களையும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கலாம். உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக நடத்தப்பட்ட இந்த ஓட்டத்தில் வெள்ளை ஆண்கள் மட்டுமே பதிந்துகொள்ள முடியும். 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் எண் இல்லாமல், பதிவு இல்லாமல் கிளம்பினார். ஒன்பதரை மணி நேரத்தில் முடித்தார். முடித்தவர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. பிறகு 1953இல் தனி வசதிகள் சட்டம் வந்தது. பூங்கா பெஞ்சிலிருந்து கழிப்பறை வரை எல்லாவற்றிலும் பலகை மாட்டியது. அது நீங்க 1990 ஆயிற்று. காம்ரேட்ஸ் 1975இல்தான் எல்லா நிறத்தவருக்கும் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. அந்த ஆண்டு வின்சென்ட் ரகாபேலே என்ற கறுப்பர் இருபதாவதாக வந்து பதக்கம் பெற்றார். சாம் ட்ஷபலாலா 1989இல் வென்றார், அதை வென்ற முதல் கறுப்பர். ம்ட்ஷாலிக்கு? ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடிக்கிறவர்களுக்கான பதக்கத்துக்கு 2019இல் அவர் பெயர் வைத்தார்கள். அவருடைய நேரத்தில் வருகிறவர்கள் கழுத்தில் அவர் பெயர். பட்டியலில் ஏறாத பெயர் அப்படி ஏறியது.

இனி எங்கள் மேசைக்கு வருகிறோம். ஒன்பது மணியளவில் கடைசி ஓட்டக்காரர்களும் போய்விட்டார்கள். எங்கள் தோழர் அதற்கு முன்பே வந்து, மாணவியின் கையிலிருந்து இரண்டு கப் வாங்கி ஒன்றைத் தலையில் ஊற்றிக்கொண்டு போயிருந்தார். சாலை முழுக்க மிதிபட்ட கப்புகள். தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. கேனில் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒரு அம்மாவுக்கு நாங்கள் கப்பை நீட்டினோம். அவர் கப்பை வாங்கவில்லை. குனிந்து இரு கைகளையும் குவித்தார்.

"இந்தாங்கம்மா, கப்பே இருக்கு."

"வேணாம் கண்ணு, கையெல்லாம் குப்பை. அப்படியே ஊத்து."

எங்கள் மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்த நேரத்தில், "கப்பு கணக்கு, ஓடுறவங்களுக்கு மட்டும்தான்" என்று ஞாபகப்படுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. விடியற்காலையிலிருந்து எங்களோடு கேன் தூக்கியவர்தான். கணக்குப் பேரேட்டில் ஓடுகிறவர்கள் இருந்தார்கள், பெருக்குகிறவர்கள் இல்லை.

அந்த அம்மா கை குவித்ததைச் சாதி என்று எழுதலாமா கூடாதா என்று அடுத்த கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். கை அழுக்கு என்றுதானே சொன்னார், நாமாக ஏற்றிச் சொல்லக் கூடாது என்றார் ஒருவர். நியாயம். ஆனால் குனிந்த அந்த முதுகின் கோணம் எங்களில் பலருக்கு வீட்டிலேயே பழக்கமானது. தூக்கி ஊற்றும் தண்ணீரைக் கையேந்திக் குடிப்பது எப்படி என்று எங்கள் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாமல் இருந்தது. அம்பேத்கர் படித்த பள்ளியிலும் பியூன் வந்து உயரத்திலிருந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர், பியூன் வராத நாளில் இல்லை.

கப்பைப் பற்றியும் ஒரு சொல். டீக்கடையில் இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்கிற ஊர்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்கு மட்டும் தூக்கியெறியும் கப். குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவ வேண்டாம், தொட வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த 1989க்குப் பிறகு ஆதிக்கச் சாதி கண்டுபிடித்த வசதி அது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தாத்தாவின் தீர்மானத்துக்கு அப்போது 98 வயது. அந்தத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

கணக்குச் சொன்னவரிடம் நாங்கள் அன்று சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதினோம். பணியாளர்களுக்கும் ஒரு மேசை, கை கழுவ சோப்பும் வாளியும், ஓடுகிறவர்களுக்குத் தருகிற அதே உப்புச்சர்க்கரைத் தண்ணீரும் வாழைப்பழமும். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த முறைக்கு வட்டத்தின் பணத்தில் இருபது எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்திருக்கிறோம். சேர விரும்பும் தோழர்கள் முதல்நாள் இரவே வந்துவிடுங்கள், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.