வாழ்நாளில் ஒரே முறை கிடைத்த மன்னிப்பு, ரகசியக் கூண்டுக்குள் வந்தது எப்படி? பாவசங்கீர்த்தனத்தின் கதை

ஒரு மரக்கூண்டு. நடுவில் சின்ன சின்ன துளைகள் போட்ட தடுப்பு. ஒரு பக்கம் பாதிரியார், மறுபக்கம் முழங்காலிட்டு தாழ்ந்த குரலில் பேசும் ஒருவர். கத்தோலிக்கர்களின் 'பாவசங்கீர்த்தனம்' என்றதும், சினிமா பார்த்தவர்களுக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

ஆனால், கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் இந்தக் கூண்டே கிடையாது. அடிக்கடி போய் மன்னிப்பு கேட்கவும் முடியாது. அப்போ இன்றைய முறை எங்கிருந்து வந்தது? பல நூற்றாண்டுகளாகக் காக்கப்படும் அந்த ரகசியம் இன்று சட்டப் பிரச்னையாக மாறியது ஏன்?

அருட்சாதனம் என்றால் என்ன?

கடவுளின் அருளைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தின் மூலம் தரும் சடங்குகளை கத்தோலிக்கர்கள் 'அருட்சாதனங்கள்' என்கிறார்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம் என மொத்தம் ஏழு. இதில் ஒப்புரவு என்பதுதான் மக்கள் பேச்சில் பாவசங்கீர்த்தனம்.

'ஏழு' என்ற கணக்கு ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. 12-ம் நூற்றாண்டில் பாரிஸில் இறையியல் கற்பித்த பீட்டர் லொம்பார்ட் தன் நூலில் இந்த ஏழையும் வரிசைப்படுத்தினார். அதுவே பிறகு நிலைத்தது. 1439-ல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கமும், 1547-ல் திரெந்து பொதுச்சங்கமும் அதை அதிகாரபூர்வமாக உறுதி செய்தன. இந்த ஏழில் அதிகமாக உருமாறியவற்றில் ஒன்று ஒப்புரவு.

ஒரே ஒரு வாய்ப்பு

கொலை, விபசாரம், விசுவாசத்தை மறுதலித்தல். தொடக்க காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் இப்படிப்பட்ட பெரிய பாவத்தைச் செய்தால், ஆயரிடம் (பிஷப்) போய் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு 'பரிகாரம் செய்பவர்கள்' என்ற தனிக் கூட்டத்தில் சேர்க்கப்படுவார். சாக்குத்துணி, சாம்பல், உண்ணாநோன்பு. நற்கருணை கிடையாது. மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் இது நீளும். அதன்பிறகே ஆயர் அவரை மீண்டும் சபையில் சேர்ப்பார்.

அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். பாவம் என்னவென்று ஊருக்குச் சொல்லாவிட்டாலும், அவர் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பேரரசருக்கும் இதில் விலக்கு இல்லை. 390-ல் தெசலோனிக்கா நகரில் நடந்த படுகொலைக்காக, ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பொதுவில் பரிகாரம் செய்ய வேண்டும் என்றார் மிலான் ஆயர் அம்புரோஸ். பேரரசரும் பணிந்தார்.

சில இடங்களில் பாவங்களை எழுதி, சபையில் சத்தமாக வாசிக்கும் வழக்கமும் இருந்தது. 459-ல் போப் முதலாம் லியோ இதைக் கண்டித்தார். ரகசியமாகச் சொன்னாலே போதும் என்றார்.

இவ்வளவு கடுமை இருந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? தள்ளிப்போட்டார்கள். 'சாகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பலரும் மரணப் படுக்கை வரை காத்திருந்தனர்.

மாற்றியது அயர்லாந்து துறவிகள்

திருப்பம் வந்தது அயர்லாந்தில் இருந்து. அங்கே துறவிகள் தங்கள் குறைகளை ஒரு ஆன்மிக வழிகாட்டியிடம் தனியாகச் சொல்வது வழக்கம். இதையே பொதுமக்களுக்கும் கொண்டு போனார்கள். எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும், எத்தனை சங்கீதங்கள் என்று பட்டியல் போட்ட கையேடுகளும் எழுதினார்கள். 6-ம் நூற்றாண்டின் இறுதியில் கொலம்பானுஸ் போன்ற துறவிகள் இதை ஐரோப்பாவின் மற்ற பகுதிகளுக்குக் கொண்டு சென்றனர்.

எதிர்ப்பும் இருந்தது. நினைத்தபோதெல்லாம் பாதிரியாரிடம் மன்னிப்பு கேட்கும் வழக்கத்தை, ஸ்பெயினில் 589-ல் கூடிய தொலேதோ சங்கம் கண்டித்தது. ஆனாலும் மக்களுக்குப் பிடித்தது இந்த முறைதான்: தனியாக, ரகசியமாக, தேவைப்படும்போதெல்லாம்.

அன்று கண்டிக்கப்பட்ட வழக்கம், 1215-ல் கட்டாயமாகவே ஆனது. பகுத்தறியும் வயது வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றது நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம். கேட்டதை வெளியே சொல்லும் பாதிரியாருக்குப் பதவி நீக்கமும், மடத்தில் ஆயுள் முழுக்கப் பரிகாரமும் தண்டனை.

லூதரும் எட்டாம் ஹென்றியும்

1520-ல் மார்ட்டின் லூதர் ஏழு அருட்சாதனங்கள் என்ற கணக்கையே எதிர்த்து எழுதினார். அதற்கு மறுப்பு எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி. ஏழு அருட்சாதனங்களை ஆதரித்து 1521-ல் அவர் எழுதிய நூலுக்காக, 'விசுவாசத்தின் காவலர்' என்று பட்டம் கொடுத்தார் போப். சில ஆண்டுகளில் அதே ஹென்றி, அருட்சாதனங்களில் ஒன்றான திருமணம் தொடர்பான தகராறில் ரோமோடு உறவையே முறித்துக்கொண்டார்.

கூண்டு எப்போது வந்தது?

16-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ, பாதிரியாருக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே தடுப்பு வைத்த இருக்கைகளைக் கட்டாயமாக்கினார். குறிப்பாகப் பெண்கள் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது தவறு நடக்கவோ, சந்தேகம் எழவோ இடம் தரக்கூடாது என்பதே நோக்கம். அதாவது, கூண்டு பிறந்ததே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகத்தான்.

அதே காலத்தில் தமிழுக்கும் இது வந்துவிட்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஹென்றிக் ஹென்றிக்ஸ், பாவசங்கீர்த்தனத்துக்கான தமிழ் வழிகாட்டி நூலை 1580-ல் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1973-ல் புதிய சடங்குமுறை வெளியானது. கூண்டு கட்டாயம் என்ற நிலை போய், பாதிரியாரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவும் வழி வந்தது.

இன்று என்ன பிரச்னை?

சிறார் மீதான பாலியல் குற்றத்தை ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், பாதிரியார் போலீஸில் சொல்ல வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் அரச விசாரணை ஆணையம் 2017-ல் 'ஆம்' என்றது. விக்டோரியா மாகாணம் 2019-லும், குயின்ஸ்லாந்து 2020-லும் அப்படியே சட்டம் இயற்றின. பாதிக்கப்படும் குழந்தையைக் காப்பதுதான் முக்கியம் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

ரகசியம் மீற முடியாதது என்று 2019-ல் வத்திக்கான் மீண்டும் அறிவித்தது. நேரடியாக அதை மீறும் பாதிரியார் தானாகவே சபைநீக்கம் ஆகிவிடுவார் என்கிறது திருச்சபைச் சட்டம். ரகசியம் இல்லை என்று தெரிந்தால் குற்றம் செய்தவர் வாயே திறக்கமாட்டார் என்பது திருச்சபைத் தரப்பு.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்துப் பெண்ணை மிரட்டியதாகக் கேரளாவில் புகார் எழுந்ததை அடுத்து, இந்த முறையையே ஒழிக்கலாம் என்று 2018-ல் தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைத்தது. ஆயர்கள் கடுமையாக எதிர்த்தனர். அது அரசின் நிலைப்பாடு இல்லை என்று அப்போதைய மத்திய அமைச்சர் அல்போன்ஸ் கண்ணந்தானம் விளக்கம் அளித்தார்.

வாழ்நாளுக்கு ஒருமுறை என்பது மாறியது. ஊரறிந்த தண்டனை மாறியது. கூண்டு வந்தது, கட்டாயம் இல்லை என்றும் ஆனது. ஆனால் 1215-ல் எழுதப்பட்ட ரகசிய விதியை மட்டும் திருச்சபை இதுவரை தளர்த்தவில்லை. அவமானத்துக்குப் பயந்தவர்களை உள்ளே அழைத்துவந்த அந்த ரகசியம், குற்றவாளியையும் காக்கிறதா என்பதுதான் இப்போது எழுந்திருக்கும் கேள்வி.