பூனை செத்த வீட்டில் ஒரு கேள்வி

1908 செப்டம்பர் 14ஆம் தேதி டோக்கியோவின் வசேதா பகுதியில் ஒரு வீட்டிலிருந்து சில அஞ்சலட்டைகள் கிளம்பின. நான்கு ஓரமும் மையால் கருப்புக் கரை கட்டிய அட்டைகள். அனுப்பியவர் நாவலாசிரியர் நாத்சுமே சோசெகி. இறந்தது அவர் வீட்டுப் பூனை. நெடுநாளாக நோய்வாய்ப்பட்டிருந்த பூனை, சிகிச்சை பலனளிக்காமல், எப்போது என்றே தெரியாமல் முந்தின இரவு கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்த அடுப்பின் மேல் காலமாகிவிட்டது. ரிக்‌ஷாக்காரரை வைத்துப் பெட்டியில் இட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்தாயிற்று. வீட்டுக்காரர் 'சான்ஷிரோ' நாவல் எழுதிக்கொண்டிருப்பதால் யாரும் துக்கத்துக்கு வர வேண்டாம். இவ்வளவுதான் சேதி.

பாதி விளையாட்டு, பாதி வருத்தம். இந்தப் பூனையைத் தூண்டுகோலாக வைத்து 1905இல் அவர் எழுதத் தொடங்கிய 'நான் ஒரு பூனை' நாவல்தான் சோசெகியை ஊரறிந்த எழுத்தாளராக்கியது. அத்தனைக்கும் அந்தப் பூனைக்குக் கடைசிவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

அட்டையில் உள்ள "சிகிச்சை" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த ஆண்டு 'பூனையின் கல்லறை' என்ற சிறு கட்டுரையில் அந்தச் சிகிச்சையின் லட்சணத்தை சோசெகியே எழுதினார். பூனை இளைத்துக்கொண்டே வந்தது. குழந்தைகளோடு விளையாடுவதை விட்டுவிட்டு வெயிலில் சுருண்டு கிடந்தது. தின்றதையெல்லாம் கக்கியது. கடையில் விற்கும் மருந்தைக் கரைத்துக் கொடுக்கும்படி மனைவியிடம் சொன்னார். சில நாள் கழித்து விசாரித்தபோது, வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது, மீன் முள் போட்டால் கக்கிவிடுகிறது என்று பதில் வந்தது. அப்படியானால் போடாதே என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். ஓர் இரவு பூனை முனகியது. மறுநாள் விறகெடுக்கப் போன வேலைக்காரப் பெண், பழைய அடுப்பின் மேல் அது விறைத்துக் கிடப்பதைக் கண்டாள்.

செத்த பிறகு வீடே மாறிப்போனது. அதுவரை கண்டுகொள்ளாத மனைவி ரிக்‌ஷாக்காரரை ஓடவிட்டு நினைவுப்பலகை வாங்கி வரச் செய்து, அதில் ஏதாவது எழுதித் தரும்படி கணவரிடம் கேட்டார். குழந்தைகள் கண்ணாடிப் புட்டிகளில் பூ வைத்துத் தண்ணீர் மாற்றினார்கள். பூனையின் நினைவு நாளில் ஒரு துண்டு சால்மன் மீனும், மாசிக்கருவாட்டைச் சீவித் தூவிய ஒரு கிண்ணம் சோறும் படையல். ஆனால் இப்போதெல்லாம் தோட்டம்வரை கொண்டுபோவதில்லை, மனைவி கூடத்து அலமாரி மேலேயே வைத்துவிடுகிறாள் என்று சோசெகி கட்டுரையை முடிக்கிறார். தன்னையும் சேர்த்துத்தான் அவர் குத்திக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னமே கவனித்திருக்கலாமோ என்ற கேள்வியை அவர் ஓரிடத்திலும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

பூனைக்காக அழுவது பழைய வழக்கம். இந்தக் கேள்வி அவ்வளவு பழையதில்லை.

கிமு ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ், வீட்டுப் பூனை தானாக இறந்தால் அந்த வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்கிறார். நாய் இறந்தால் தலை உட்பட உடம்பு முழுக்க மழிப்பார்களாம். இறந்த பூனைகளை புபாஸ்திஸ் நகருக்கு எடுத்துப்போய்ப் பதப்படுத்திப் புதைத்தார்கள். அதற்கும் ஏறக்குறைய 900 ஆண்டுகள் முன்னால், மூன்றாம் அமென்ஹோடெப் மன்னரின் மூத்த மகன் இளவரசர் துத்மோஸ், தன் பூனைக்குச் சுண்ணாம்புக்கல்லில் தனிச் சவப்பெட்டியே செய்வித்தார். 'தா-மியு' என்று அந்தப் பெட்டியில் பெயர் வெட்டியிருக்கிறது. பெண் பூனை என்றே பொருள். படையல் மேசைக்கு முன்னால் பூனை கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. மனிதர் இறந்தால் சொல்கிற அதே முறையில் அதையும் ஒசைரிஸ் ஆகிவிட்டதாகவே எழுதிவைத்தார்கள்.

எகிப்தியப் பக்தியை ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். பிற்காலத்தில் கோயில் காணிக்கைக்கென்றே பூனைகளை வளர்த்துக் கழுத்தைத் திருகிக் கொன்றதற்கு எக்ஸ்ரே படங்கள் சாட்சி. அப்படிப் புதைபட்டவற்றில் சுமார் 19 டன் சடலங்களை 1890இல் கப்பலேற்றி, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் வயலுக்கு உரமாக ஏலம் விட்டார்கள். ஏலக்காரர் ஒரு பூனைத் தலையையே சுத்தியலாகத் தட்டினாராம்.

எகிப்தியருக்குத் துக்கத்தின் வழி தெளிவாக இருந்தது: புருவத்தை மழி, பதப்படுத்து, புதை. நோயைப் பற்றி யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. அவர்கள் மருத்துவ ஏடுகளில் மனிதருக்கு ஏராளமான வைத்தியம் உண்டு, மாட்டு வைத்தியத்துக்கும் ஒரு ஏடு கிடைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு பூனை சாகக் கிடந்தால் எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்ற யோசனைக்கே இடமில்லை.

விக்டோரியா காலத்து லண்டனில் சந்தேகம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1881இல் செர்ரி என்ற மால்டீஸ் நாயை ஹைட் பார்க்கின் வாயிற்காவலர் தன் வீட்டுத் தோட்டத்தில் புதைக்க இடம் கொடுத்தார். 1903இல் இனி இடமில்லை என்று மூடுவதற்குள் அங்கே சுமார் 300 குட்டிக் கல்லறைகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் நாய்கள், நடுவே சில பூனைகள். விலங்குக்கு ஆன்மா உண்டு என்று திருச்சபை சொல்லாத காலம். ஆகவே மறுமையில் சந்திப்போமா என்பதைக் கல்லில் வெட்டும்போதும் "ஒருவேளை" என்று தயங்கியே வெட்டினார்கள். 1881 முதல் 1991 வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வளர்ப்புப் பிராணிக் கல்லறைகளை ஆராய்ந்த எரிக் தூரிஞி, இந்தத் தயக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குறைந்ததைக் காட்டினார். குடும்பப் பெயரும் சிலுவையும் அந்தக் கற்களில் கூடின.

மறுமை பற்றிய சந்தேகம் தணிந்துவந்த அதே காலத்தில், இம்மை பற்றிய சந்தேகம் தலைதூக்கியது. அதற்குக் காரணம் மருத்துவம்.

லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791இல் தொடங்கியபோது அதன் கவலையெல்லாம் குதிரை. பூனையின் முறை வர ரொம்ப நாளாயிற்று. குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுவந்த பூனைக் கொள்ளைநோய் வைரஸால் வருவது என்று பிரான்சில் 1928இல் நிறுவினார்கள். தடுப்பூசி பின்னால் வந்தது. பூனைகளுக்கு ரத்தப்புற்று உண்டாக்கும் வைரஸை 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு கண்டுபிடித்தது. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் பல பூனைகளைக் காப்பாற்றியது. கூடவே, ஊசி போடாமல் விட்டவர்களுக்கு ஆறாத ஒரு ரணத்தையும் கொடுத்தது.

இவற்றில் குரூரமானது 1987இல் வெளிவந்த செய்தி. இதயம் பெருத்துத் தளர்ந்து இறந்துகொண்டிருந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் என்ற சத்து குறைந்திருப்பதைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் குழு கண்டறிந்தது. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. தீனியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நல்ல தீனி என்று நம்பிக் கடையில் வாங்கிப் போட்டதிலேயே அது போதவில்லை. டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. தீனி நிறுவனங்கள் கலவையை மாற்றின. அதற்கு முன்பே புதைத்துவிட்டவர்கள், கிண்ணம் கிண்ணமாகப் பாசத்தோடு போட்டதை நினைத்து என்ன செய்திருப்பார்கள்?

அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தில்தான், வளர்ப்புப் பிராணியை இழந்தவர்கள் மனம்விட்டுப் பேச 1989இல் ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கியது. எதிர்முனையில் பேசியவர்கள் கால்நடை மருத்துவ மாணவர்கள். இந்தத் துக்கத்தில் பிரிவைக் காட்டிலும் குற்ற உணர்ச்சி ஓங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. பூனை நோயை மறைக்கும் பிராணி. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் முடங்கும்போது நோய் முற்றியிருக்கும். இன்னொன்று கருணைக்கொலை. ஊசிக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்கு, அவசரப்பட்டுவிட்டோமோ என்பது ஒரு நாள், வதைபட விட்டுவிட்டோமோ என்பது மறுநாள்.

சந்தேகத்துக்கென்றே அமைந்த நோய் ஒன்று உண்டென்றால் அது எஃப்ஐபி. பாஸ்டனின் ஏஞ்சல் நினைவு விலங்கு மருத்துவமனையைச் சேர்ந்த ஜீன் ஹோல்ஸ்வொர்த் 1963இல் விவரித்தது. பல பூனைகளின் குடலில் சாதுவாக வாழும் கொரோனா வைரஸ், மிகச் சில பூனைகளில் மட்டும் உருமாறிக் கொல்லும். பெரும்பாலும் பலியாவது இளம் பூனைகள். வயிறு உப்பும்; ஊசி குத்தி இழுத்தால் வைக்கோல் நிறத்தில், பிசுபிசுப்பான நீர் வரும். நீர் கோக்காத வகையில் அந்தத் தடயமும் கிடைக்காது, காய்ச்சலும் மெலிவும்தான். உயிரோடிருக்கும்போது உறுதியாகச் சொல்வது கடினம், சொன்னாலும் மருந்தில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இதுதான் நிலை.

2019இல் டேவிஸின் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 நீண்ட நாள் பிழைத்தன. மனிதருக்கான ரெம்டெசிவிரின் நெருங்கிய உறவு இது. முடிவு வந்தது, மருந்து கடைக்கு வரவில்லை. விலங்கு மருந்தாக யாரும் அனுமதி பெறவில்லை. பூனை வளர்ப்பவர்கள் சமூக ஊடகக் குழுக்களில் கூடிச் சீனாவிலிருந்து கள்ளச்சந்தைக் குப்பிகளை வரவழைத்தார்கள். 84 நாள், தினம் ஓர் ஊசி. குப்பியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது, விலையோ ஆயிரக்கணக்கான டாலர். பூனை இறந்தால் சந்தேகம் நோயின் மேலா, குப்பியின் மேலா, போட்ட கையின் மேலா? பிரிட்டனில் 2021இலும் அமெரிக்காவில் 2024இலும்தான் மருத்துவர் சீட்டுக்கு முறையாகக் கிடைக்கத் தொடங்கியது.

இடையில் 2023இல் சைப்ரஸ் தீவில் எஃப்ஐபி புதுவகை வைரஸால் கொள்ளைநோயாகவே பரவியது. பூனைக்கு மனிதர் செய்த அடக்கங்களில் நாமறிந்த மிகப் பழையது அந்தத் தீவில்தான் கிடைத்திருக்கிறது: சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அரை மீட்டர்கூடத் தள்ளாமல், எட்டு மாதப் பூனை ஒன்றைப் புதைத்திருந்தார்கள். இந்த முறை சைப்ரஸ் அரசு, மனிதருக்கென வாங்கி மிச்சமிருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குத் திறந்துவிட்டது.

இப்போது மருத்துவர் மேசையில் முதல் கேள்வி பணம். முழுச் சிகிச்சைக்குக் கையில் இருக்கிறதா, பாதியில் நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும்? மியூனிக் பல்கலைக்கழகக் குழு 2024இல் 40 பூனைகளை வைத்து நடத்திய ஆய்வு, வயிற்றில் நீர் கோத்த வகைக்கு 42 நாளே போதும், 84 நாள் கொடுத்ததற்கு அது குறைந்ததில்லை என்று காட்டியது. அதன்படி பார்த்தால் மருந்துச் செலவில் பாதி மிச்சம்.