ஐம்பது தப்பாத மின்சாரம்

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் சிராங்கூன் சாலைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அந்தச் சாலை தொடங்குமிடத்தை ஒட்டி மெக்கன்சி சாலை இருக்கிறது. டிராம் வண்டிகளை ஓட்டுவதற்கான மின்நிலையம் முன்னாளில் அங்கேதான் இருந்தது. 1906-ஆம் ஆண்டில் நகரத் தெருக்களில் முதன்முதலாக எரிந்த மின்விளக்குகளுக்கும் அங்கிருந்தே மின்சாரம் வந்தது. 1927-இல் செயின்ட் ஜேம்ஸ் நிலையம் எழுந்தது. பிறகு பாசிர் பாஞ்சாங், ஜூரோங், செனோக்கோ. நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. எண்ணெய் போய் இயற்கை வாயு வந்தது. ஆனால் எல்லா நிலையங்களிலும் கனத்த இரும்பு ஒன்று ஓயாமல் சுழன்றது.

அந்தச் சுழற்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அலைகிறது. மின்நிலைய யந்திரம் சரியான வேகத்தில் சுழன்றால்தான் இந்த ஐம்பது நிலைக்கும். தேவை கூடி உற்பத்தி குறைந்தால் வேகம் தளரும். ஐம்பது நாற்பத்தொன்பதை நோக்கி இறங்கும். மிகவும் இறங்கினால் யந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே விலகிவிடும். அப்புறம் ஊரே இருட்டுத்தான்.

தையற்காரர் மெஷினை மிதிக்கிறார். காலை எடுத்த பிறகும் கீழே உள்ள பெரிய சக்கரம் சற்று நேரம் சுற்றுகிறது அல்லவா? மின்நிலையத்திலும் அப்படியே. ஒரு யந்திரம் திடீரென்று நின்றால், மற்ற யந்திரங்களின் சுழலும் பாரமே முதல் சில விநாடிகளுக்குத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் நீராவியையோ வாயுவையோ கூட்டிவிடலாம்.

சூரியத் தகட்டில் சுழலுவது எதுவுமில்லை. வெயில் நல்லது, புகையில்லை. ஆனால் அதில் இந்தப் பாரமும் இல்லை. இலங்கை இதை அனுபவித்து அறிந்தது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில், தொழிற்சாலைகள் ஓய்வில், சுழலும் யந்திரங்கள் குறைவு. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியைத் தொட்டது. தீவு முழுதும் மின்சாரம் போயிற்று! குரங்கைச் சொல்லிச் சிரித்தார்கள். குரங்கு செய்தது சிறு காரியம். பாரம் குறைந்திருந்ததே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

சிங்கப்பூரில் இன்றும் பெரும்பகுதி மின்சாரம் இயற்கை வாயுவில்தான் பிறக்கிறது. மலேசியாவின் மின்கம்பிகளோடு 1985 முதல் இணைப்பும் உண்டு; ஒருவர் தடுமாறினால் மற்றவர் தோள் கொடுப்பார். என்றாலும் 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 60 மெகாவாட் சூரியத் தகடுகளை மிதக்கவிட்டார்கள். ஒரு மேகம் வந்தால் போதும், உற்பத்தி சரியும். அதனால் 2023-இல் ஜூரோங் தீவில் 285 மெகாவாட் மணி கொள்ளும் மின்கலத் தொகுதியைத் திறந்தார்கள். கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தைக் கொடுக்கும்.

தென் ஆஸ்திரேலியாவில் வேறு வழியும் கண்டார்கள். 2016-இல் மாநிலமே இருண்ட பிறகு, 2021-இல் நான்கு பெரிய யந்திரங்களை நிறுவினார்கள். எரிபொருள் இல்லை, மின் உற்பத்தியும் இல்லை. கனத்த சக்கரம் பூட்டிச் சும்மா சுழல்வதுதான் அவற்றின் வேலை.