'மரக்கட்டை' என்று அழைக்கப்பட்ட மனிதர்கள்

1/ ஜப்பானிய மொழியில் 'மருத்தா' என்றால் மரக்கட்டை. யூனிட் 731-ல் இருந்த டாக்டர்கள் கைதிகளை அப்படித்தான் கூப்பிட்டாங்க.

2/ இடம்: ஜப்பான் பிடியில் இருந்த மஞ்சூரியா, ஹார்பின் பக்கத்தில் பிங்ஃபாங். தலைவர் ஷிரோ இஷி, ராணுவ டாக்டர். அரசாங்கக் காகிதத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'நோய்த்தடுப்பு மற்றும் குடிநீர் சுத்திகரிப்புத் துறை'!

3/ உள்ளே நடந்தது நேரெதிர். சீனர், ரஷ்யர், கொரியர்னு கைதிகளுக்கு பிளேக், காலரா, ஆந்த்ராக்ஸ் கிருமிகளை ஏத்தினாங்க. நோய் உள்ளுறுப்புகளை என்ன செய்யுதுன்னு பார்க்க உயிரோட அறுத்தாங்க. அங்கே செத்தவங்க குறைந்தது 3,000 பேர்னு ஆய்வாளர்கள் கணக்கு.

4/ 1940-ல் சீனாவின் நிங்போ நகரத்து மேல, பிளேக் தொற்றிய தெள்ளுப்பூச்சிகளைக் கோதுமையோட கலந்து விமானத்திலிருந்து கொட்டினாங்க. ஊருக்குள்ள பிளேக் வந்தது.

5/ தண்டனை? 1949-ல் சோவியத் யூனியன் கபரோவ்ஸ்க்கில் 12 பேரை விசாரிச்சுத் தண்டிச்சது. ஆனா இஷி சிக்கலை. ஆய்வு விவரங்களை அமெரிக்காவுக்குக் கொடுத்தார், வழக்கே இல்லாம தப்பிச்சார். 1959-ல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார்.

6/ நாஜி டாக்டர்களுக்கோ 1947-ல் நியூரெம்பெர்க்கில் தீர்ப்பு வந்தது. சம்மதம் இல்லாம மனிதர் மேல பரிசோதனை கூடாதுன்னு அதில்தான் எழுதினாங்க. மருந்து ஆய்வில் சேரும்போது நீங்க போடுற கையெழுத்துக்குப் பின்னால் அந்த வரி இருக்கு. படிச்சு, கேள்வி கேட்டு, அப்புறம் போடுங்க.