கைப்பைக்குள் போன அட்டை

'கம்ப்யூட்டர்' என்றால் இன்று இயந்திரம். 1940-களில் அது ஓர் உத்தியோகத்தின் பெயர். அமெரிக்காவில், வர்ஜீனியா மாகாணத்து லாங்லியில் இருந்த சர்க்கார் விமான ஆராய்ச்சிக் கூடத்தில், எஞ்சினீயர்கள் எடுத்துத் தந்த அளவுகளை வைத்துக்கொண்டு பெண்கள் நாள் முழுவதும் கணக்குப் போட்டார்கள். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை வேலைதான் என்று நினைத்துவிடாதீர்கள். காலேஜில் கணிதமும் விஞ்ஞானமும் படித்தவர்கள் அவர்கள்.

யுத்தத் தொழிற்சாலைகளிலும் சர்க்கார் வேலைகளிலும் நிறபேதம் கூடாதென்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941-இல் உத்தரவு போட்டார். தாமாகப் போட்டுவிடவில்லை. கறுப்பர்களின் தொழிற்சங்கத் தலைவர் ராண்டால்ஃப், வாஷிங்டனுக்கே ஊர்வலம் வருவோம் என்று நெருக்கிய பிறகு போட்டார். 1943-இல் கறுப்புப் பெண்கள் லாங்லிக்குள் நுழைந்தார்கள். உத்தரவால் உத்தியோகம் கிடைத்தது; மரியாதை கிடைக்கவில்லை. தனி அறை, தனிக் கழிப்பிடம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேஜைமேல், 'கறுப்புக் கம்ப்யூட்டர்கள்' என்று ஓர் அட்டை.

மிரியம் மான் என்ற அம்மாள் ஒருநாள் அந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். புது அட்டை வந்தது. அதுவும் பைக்குள் போயிற்று. வேலை போய்விடுமே என்று புருஷன் பயந்தான். கடைசியில் அலுத்துப்போனது அட்டை வைத்தவர்கள்தான்! ராக்கெட் விட்ட கதைகளைவிட எனக்கு இந்தக் கைப்பைதான் பெரிதாகப் படுகிறது.

அந்தப் பிரிவுக்கு 1949-இல் தலைமை ஏற்ற டாரதி வாகன், தம் பெண்களுக்காக மட்டுமல்ல, மற்றப் பிரிவுகளின் வெள்ளைக்காரப் பெண்களுக்காகவும் சம்பள உயர்வு கேட்டு வாதாடியிருக்கிறார். இயந்திரக் கம்ப்யூட்டர் வந்தபோது, தாம் ஃபோர்ட்ரான் கற்றதோடு நில்லாமல் கூட இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

மேரி ஜாக்ஸன் கதை வேறு விதம். எஞ்சினீயராவதற்கு வேண்டிய மாலை வகுப்புகள் வெள்ளையர் பள்ளிக்கூடத்தில் நடந்தன. உள்ளே போய் உட்காரவே நகரசபையிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டார், படித்தார், 1958-இல் நாஸாவின் முதல் கறுப்புப் பெண் எஞ்சினீயர் ஆனார். பிறகு, ஒரே மாதிரி உழைத்தும் பல பெண்கள் ஏன் மேலே போகவில்லை என்று பார்த்தார். சிலருக்கு இரண்டொரு பாடங்கள்தான் குறைவு. இன்னதைப் படி, 'கணித நிபுணர்' என்ற பட்டத்தை 'எஞ்சினீயர்' என்று மாற்றிக்கொள், பதவி உயரும் என்று வழி சொன்னார்.

1979-இல், எஞ்சினீயராக எட்டக்கூடிய உயரத்தை எட்டியபின், பெண்களின் நியமனத்தையும் உயர்வையும் கவனிக்கும் உத்தியோகத்துக்கு மாற்றிக்கொண்டார். அது ஒரு படி கீழே. 1985-இல் ஓய்வு பெறும்வரை இந்தக் காரியத்தைத்தான் பார்த்தார்.