கறைபட்ட பனிக்குட நீரும் கொட்டியாரக் குடாவும்: மகப்பேற்று முடிவுகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

பிரசவ வேளையிற் பனிக்குடம் உடைந்து வெளிப்படும் நீர் தெளிந்திராது பச்சையாகவோ கரும்பச்சையாகவோ காணப்படின், சிசு கருப்பையினுள்ளேயே தன் முதல் மலத்தைக் கழித்துவிட்டது என்பது பொருள். மருத்துவர் இதனை மெக்கோனியம் என்பர். நூறு பிரசவங்களிற் பத்து முதல் பதினைந்து வரையானவற்றில் இது நிகழ்கின்றது. இக்கறையைக் கண்டபின் எடுக்கப்படும் முடிவு மருத்துவ அறிவினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. பாதையும் போரும் காணியுரிமையும் அதனை நிர்ணயிக்கின்றன. இதனைத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மருத்துவ நிலையை நோக்குவோம். கறை தோன்றுதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, நாள் நிறைந்த அல்லது நாட் கடந்த சிசுவின் குடல் முதிர்ச்சி. மற்றையது, ஒட்சிசன் குறைவினால் ஏற்படும் நெருக்கடி. முன்னையது இயல்பு, பின்னையது ஆபத்து. கறைபட்ட நீரிற் பிறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலானவை நலமாகவே இருக்கின்றன. நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து குழந்தைகளே அம்மலம் நுரையீரலிற் புகுவதால் மூச்சுத்திணறலுக்கு ஆளாகின்றன. ஆகவே கறை ஒரு தீர்ப்பன்று. அது ஒரு வினா. நீரின் தடிப்பு, சிசுவின் இதயத்துடிப்பு, பிரசவம் முன்னேறும் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கியே காத்திருப்பதா, ஆயுதம் கொண்டு பிரசவிப்பிப்பதா, சத்திரசிகிச்சை செய்வதா என முடிவு செய்தல் வேண்டும்.

இவ்வினாவுக்கான விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1970களில், தோள் வெளிப்படுமுன்னரே சிசுவின் வாயையும் மூக்கையும் உறிஞ்சித் துப்புரவாக்குதலும், பிறந்தபின் மூச்சுக்குழாயினுட் குழாய் செலுத்தி உறிஞ்சுதலும் மேலை நாடுகளில் வழக்காயின. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, துடிப்புடன் பிறக்கும் குழந்தைக்குக் குழாய் செலுத்துவதாற் பயனில்லை எனக் காட்டியது. தோள் வெளிப்படுமுன் உறிஞ்சுதலும் பயனற்றது என்பதை ஆர்ஜென்டீனாவிலும் அமெரிக்காவிலும் 2514 குழந்தைகளிடத்து நிகழ்ந்த ஆய்வு 2004இல் நிறுவியது. சோர்ந்து பிறக்கும் குழந்தைகள் பற்றிய வினாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை எடுத்துக்கொண்டது. 122 குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவில், அவர்களிடத்தும் உறிஞ்சுதலால் நன்மை காணப்படவில்லை. இன்று வலியுறுத்தப்படுவன எளியனவே: துடிப்பை இடைவிடாது கேட்டல், மூச்செடுக்காத குழந்தைக்குப் பையும் முகமூடியும் கொண்டு தாமதமின்றிக் காற்றூட்டல், வேண்டியபோது உரிய வைத்தியசாலைக்கு அனுப்புதல்.

முன்னைய இரண்டும் ஒரு மருத்துவ மாதின் கைக்கு எட்டியவை. மூன்றாவது அவ்வாறானதன்று. இங்குதான் வரலாறு குறுக்கிடுகின்றது.

அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டது 1857இல். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை தோன்றியது 1879இல். களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது 1926இல். எனினும் நூலும் நிறுவனமும் தோன்றுதல் வேறு, அவை கடற்கரைக் கிராமத்துத் தாயை எட்டுதல் வேறு. சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே அமைந்தது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையோ மறுகரையில். மூதூரிலிருந்து லோஞ்சிற் குடாவைக் கடத்தல் வேண்டும். அல்லது கிண்ணியா வழியாக, மகாவலியின் கழிமுகங்களிற் பாதையேறிப் பாதையிறங்கிச் செல்லல் வேண்டும். மாரியும் இரவும் இவ்விரு வழிகளையும் அரியனவாக்கின. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரிலேயாம்.

பாலம் வந்தபோது சம்பூரில் மக்கள் இல்லை. 2006 ஏப்ரலில் வான்குண்டுவீச்சும், அவ்வாண்டு செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியமையும் மக்களை வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் துரத்தின. 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அனல் மின் நிலையத்துக்கென நிலம் குறிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களிற் பல்லாண்டு வாழ்ந்தோர், 2015இலும் 2016இலும் காணி விடுவிக்கப்பட்ட பின்னரே ஊர் திரும்பினர்.

இடப்பெயர்வு வீட்டை மட்டும் பறிப்பதன்று. வீடு தேடிவரும் மருத்துவ மாது, அவர் வைத்திருக்கும் பதிவேடு, கருப்பத்தின் நாட்கணக்கு ஆகிய தொடர்ச்சியையும் அது அறுக்கின்றது. நாட்கணக்குத் தவறுமிடத்து நாட் கடந்த கருப்பம் அறியப்படாது போகும். நாட் கடந்த கருப்பத்திலேயே கறை மிகுதி.

ஆகவே, உறிஞ்சுகருவியின் சிறப்பை அறிவியல் குறைத்து மதிப்பிட்ட அளவுக்கு, காலத்தின் சிறப்பு உயர்ந்துள்ளது. அக்காலத்தைத் தாய்க்கு வழங்குவன பாலமும், நிலையான குடியிருப்பும், அருகிருக்கும் மருத்துவ மாதுமே. சிசு நலத்தை வைத்தியசாலைச் சுவர்களுக்குள் மட்டும் அளப்போர் இவ்வுண்மையைத் தவறவிடுவர்.